தெருவுல ஸ்பீடு லிமிட்டைக் குறைக்க யாருகிட்ட கேக்கணும்?

சென்னைன்னா புதுசா லிமிட் கேக்கவே வேணாங்க, 2023 நவம்பர்லயே குடியிருப்புத் தெருவுல எல்லா வண்டிக்கும் 30 கிமீன்னு டிராஃபிக் போலீஸ் அறிவிச்சாச்சு, நீங்க கேக்க வேண்டியது போர்டும் ஸ்பீடு பிரேக்கரும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 112வது பிரிவுல வேகத்தைக் குறைக்கிற அதிகாரம் அரசுக்கு இருக்கு, அதனால தெருக்காரங்க கையெழுத்து வாங்கி ஒரு மனு டிராஃபிக் போலீசுக்கு, காப்பி மாநகராட்சி மண்டல ஆபீசுக்குக் குடுங்க.

தயவுசெஞ்சு நீங்களே சிமெண்ட் கொட்டி மேடு போட்டுடாதீங்க. எங்க தெருவுல ஒருத்தர் போட்டாரு, ராத்திரி பால்காரர் வண்டி கவுந்து பாக்கெட்டெல்லாம் ரோட்டுல. முறையான பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மேல வெள்ளைக் கோடு, முன்னாடியே எச்சரிக்கை போர்டு. நம்மாளுங்க போடுறது திண்ணை.