மூதவை பார்த்துவிட்டது என்றால் பேரவை கேட்கக் கூடாதா?

கேள்வி: வங்கியொன்றின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் 34 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். போன வருடம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்னைக் கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகமொன்றை ஆளும் சபையான பேரவைக்கு வெளி உறுப்பினராக நியமித்தது. பெருமையோடுதான் போனேன். கூட்டத்துக்கு முதல்நாள் இரவு எட்டு மணிக்குத்தான் 400 பக்கக் கோவை வருகிறது. கடைசிக் கூட்டத்தில் கலைப்பீடத்தின் புதிய சிறப்புப் பட்டப்படிப்பு ஒன்று அங்கீகாரத்துக்கு வந்தது. சிங்கள மொழிமூலம் உடனே தொடங்குமாம். தமிழ் மொழிமூலம் 'வளங்கள் கிடைத்ததும்' என்று ஒரே ஒரு வரி. எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். "இது கல்விசார் விடயம், மூதவை பார்த்து முடித்துவிட்டது" என்றார் ஒரு பேராசிரியர். மூதவை என்பது பீடாதிபதிகளும் பேராசிரியர்களும் இருக்கும் கல்விச் சபை. துணைவேந்தர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்த இன்னொரு தமிழ் உறுப்பினர், "நாங்கள் கேட்டால் வேறு மாதிரி எடுப்பினம், விடுங்கோ" என்று மெல்லச் சொன்னார். "இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்தத் தலையிடி, எழுதிக் குடுத்திட்டு வாங்கோ" என்கிறா மனைவி. இராஜினாமாக் கடிதம் தட்டச்சாகி மேசையில் கிடக்கிறது. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள ஐயா,

அந்தக் கடிதத்தை இப்போதைக்கு லாச்சிக்குள் போட்டுவையுங்கள். கிழிக்கச் சொல்லவில்லை, அது உங்கள் உரிமை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி சரியான இடத்தில் கேட்கப்பட்ட சரியான கேள்வி. அதற்குப் பதில் வராததற்காக நீங்கள் எழும்பி வந்தால், அந்தக் கதிரையில் அடுத்து வருபவர் அதைக் கேட்பார் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை.

நான் பல்கலைக்கழக நிர்வாகத்தில் 26 வருடம் இருந்தவள். உதவிப் பதிவாளராகச் சேர்ந்து, பேரவைக்கும் மூதவைக்கும் கூட்டறிக்கை எழுதி எழுதியே விரல் தேய்ந்தவள். "மூதவை பார்த்துவிட்டது" என்ற அந்த வசனத்தை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைத்தான் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தை ஒருதரம் கையில் எடுங்கள். 46ஆம் பிரிவு கற்பித்தல், ஆய்வு, பரீட்சை ஆகியவற்றின் கட்டுப்பாட்டையும் பொது வழிகாட்டலையும் மூதவையிடம் கொடுக்கிறது. பேராசிரியர் சொன்னது அதைத்தான். ஆனால் பல்கலைக்கழகத்தை ஆளும் அதிகாரசபை பேரவைதான். நிதியும் நியமனமும் அதன் கையில். கல்விசார் விடயமொன்றில் பேரவை தீர்மானம் எடுப்பதற்கு முன் மூதவை தன் அபிப்பிராயத்தைப் பதிந்து அனுப்ப இடம் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. மூதவை பேசியபின் பேரவை வாய் திறக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. மூதவை பார்த்து முடித்துவிட்டது என்றால், இனிமேல்தான் உங்கள் முறை.

உங்களைப் போன்ற வெளி ஆட்களை எதற்காக அங்கே வைத்தார்கள் என்பதையும் யோசியுங்கள். துணைவேந்தர், பீடாதிபதிகள், மூதவை தெரிவுசெய்து அனுப்பும் இருவர் என்று உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாக வெளி உறுப்பினர்களை ஆணைக்குழு நியமிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த 'ஒன்று கூடுதல்' தற்செயலாக வந்ததல்ல. உள்ளே இருப்பவர்கள் தங்கள் பீடத்துக்காகப் பேசுவார்கள். அது இயல்பு, பிழையும் இல்லை. முழுப் பல்கலைக்கழகத்தையும், அதற்குப் பணம் கொடுக்கும் சனத்தையும் மனதில் வைத்துக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

எல்லை எங்கே என்று கேட்பீர்கள். மூன்றாம் வருடத்தில் எந்தக் கோட்பாட்டைப் படிப்பிக்க வேண்டும், பரீட்சைக்கு எத்தனை புள்ளி, ஆய்வுக் கட்டுரை கட்டாயமா என்பதெல்லாம் மூதவையின் பாடு. அதற்குள் போகாதீர்கள், போனால் அவர்கள் கோபப்படுவது நியாயம். யார் படிப்பிப்பார், அந்த ஆளுக்குப் பதவி இருக்கிறதா, சம்பளத்துக்குப் பணம் எங்கே, மண்டபம் எங்கே என்பதெல்லாம் உங்கள் பாடு. வங்கியில் கடன் கோவை பார்த்திருப்பீர்கள். தறி போடத் தெரியாது என்பதற்காக நெசவாலைக்காரரிடம் திருப்பிக் கட்டும் வழியைக் கேட்காமல் விட்டீர்களா?

'வளங்கள் கிடைத்ததும்' என்ற வரிக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு அதில் ஒரு பழைய காயம் இருக்கிறது.

நான் வேலை செய்த ஓரிடத்தில், பெயர் வேண்டாம், இதே மாதிரி ஒரு பட்டப்படிப்பு வந்தது. அங்கேயும் அந்த வரி இருந்தது. தமிழ் உறுப்பினர் ஒருவர் விடாமல் நின்று சண்டை பிடித்தார். சரி, தமிழிலும் இந்த வருடமே தொடங்குவோம் என்று பேரவை ஒத்துக்கொண்டது. எல்லாருக்கும் சந்தோஷம். விரிவுரையாளர் பதவி ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. தமிழ்ப் பிரிவுக்குப் 11 பிள்ளைகள் வந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து ஒரு வருகைதரு விரிவுரையாளர் வெள்ளி இரவு பஸ் ஏறி வந்து சனிக்கிழமை முழுக்கப் படிப்பித்துவிட்டுத் திரும்புவார். அவருக்குச் சுகமில்லாத கிழமைகளில் வகுப்பு இல்லை.

இரண்டாம் வருடப் பரீட்சையில் நான் மண்டபத்தில் நின்றேன். வினாத்தாள் சிங்களத்தில் தயாராகி, பாடம் தெரியாத யாரோ அவசரத்தில் தமிழாக்கியது. ஒரு வினா, 'கோரிக்கையின் இழுபடும் தன்மையை வரைபடத்துடன் விளக்குக' என்றிருந்தது. அட்டனிலிருந்து வந்த ஒரு பிள்ளை கையைத் தூக்கியது. "மிஸ், இது கேள்வி நெகிழ்ச்சியா?" விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பதுதான் கேள்வி நெகிழ்ச்சி; உயர்தரத்தில் பொருளியல் படித்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். இழுபடும் தன்மை என்றால் அது என்னவென்று நினைக்கும்? எனக்குப் பொருளியல் தெரியாது, பதில் சொல்ல அதிகாரமும் இல்லை. விரிவுரையாளரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டு வந்து சொல்ல இருபது நிமிடம் போய்விட்டது. அந்த இருபது நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த ஒழுங்குவிதியும் எங்களிடம் இருக்கவில்லை. அந்தப் பிள்ளை பேனையை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். "தமிழில் எப்போது தொடங்குவீர்கள்" என்று கேட்பதை விடுங்கள். அதற்கு அவர்கள் ஒரு திகதியைச் சொல்லிவிட்டுப் போகலாம். "தமிழ் மொழிமூல விரிவுரையாளர் பதவி எத்தனை கேட்டிருக்கிறீர்கள், எந்தத் திகதியிட்ட கடிதத்தில்?" என்று கேளுங்கள். கல்விசார் பதவி ஒன்று புதிதாக வேண்டுமென்றால் அது ஆணைக்குழுவைத் தாண்டித் திறைசேரியின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம் வரைக்கும் போய் அனுமதி பெற வேண்டும். மாதங்கள் எடுக்கும், சிலவேளை வருடங்கள். கடிதமே போகவில்லையென்றால் 'கிடைத்ததும்' என்பதற்குப் பொருள் 'ஒருநாளும் இல்லை' என்பதுதான். கடிதம் போய்ப் பதில் வரவில்லையென்றால் அது வேறு கதை. அப்போது பேரவையாகச் சேர்ந்து தள்ள வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் 50 மணித்தியால உழைப்பு என்று வைத்தால் 6000 மணித்தியாலம் வருகிறது. அதில் பெரும்பங்கு விரிவுரை மண்டபத்துக்கு வெளியே, வாசிப்பிலும் ஒப்படைகளிலும் போவது. அந்த நேரத்தில் தமிழ்ப் பிள்ளை எதை வாசிக்கும் என்று நூலகரிடம் யாராவது கேட்டார்களா? முன்மொழிவுக் கோவையில் நூலகம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பந்திதான் இருக்கும்.

சட்டப் பக்கத்தையும் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் அதை முதலில் தூக்கிப் பிடிக்காதீர்கள். அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, அரச நிதி பெறும் பல்கலைக்கழகத்தில் ஒரு கற்கைநெறியோ துறையோ பீடமோ ஒரு தேசிய மொழியில் நடந்தால், மற்றத் தேசிய மொழியில் படித்து வந்த மாணவருக்கு அந்த மொழியிலும் நடக்க வேண்டும் என்கிறது. அதே மூச்சில் ஒரு விலக்கும் சொல்கிறது. அதையொத்த நெறி வேறொரு பல்கலைக்கழகத்தில் அந்த மொழியில் இருந்தால், இங்கே கட்டாயமில்லை. உங்கள் பேரவையில் யாராவது "யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது" என்று சொல்வார்கள், பாருங்கள். அப்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. இதே பட்டமா அங்கே இருக்கிறது, அல்லது இதே துறையின் பெயர் மட்டுமா? இரண்டும் ஒன்றல்ல. ஆணைக்குழுவின் மாணவர் அனுமதிக் கையேட்டைப் புரட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கூட்டத்துக்குப் போகமுன் நீங்களே புரட்டிவிடுங்கள்.

"வேறு மாதிரி எடுப்பினம்" என்று உங்கள் நண்பர் சொன்னதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். கொழும்பில் அந்தப் பயத்தோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆனாலும் நான் கண்டது, பதவியையும் பணத்தையும் திகதியையும் கேட்பவரை யாரும் இனவாதி என்று சொல்வதில்லை, கணக்காய்வாளர் என்றுதான் சொல்வார்கள். அது உங்கள் தொழில். அதோடு கூட்டத்துக்கு முன் பீடாதிபதியையும் துறைத் தலைவரையும் ஒருதரம் சந்தித்துக் கதையுங்கள். பலதரம் நான் பார்த்திருக்கிறேன், துறைத் தலைவர் தமிழ்ப் பதவிகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இருப்பார். அவருக்குப் பேரவையில் ஒரு குரல் கிடைத்தால் பெரிய உதவி. 'வளங்கள் கிடைத்ததும்' என்று எழுதியவரே அந்தக் கேள்வி வரட்டும் என்று காத்திருப்பவராகவும் இருக்கலாம்.

முதல்நாள் இரவு வரும் கோவைக்கு ஒரு வழி இருக்கிறது. சட்டப்படி பேரவையின் செயலாளர் பதிவாளர். அவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள், புதிய பட்டப்படிப்பு, வரவுசெலவு, நியமனம் ஆகிய மூன்று வகை ஆவணங்களையாவது ஒரு வாரம் முன்னதாகத் தரும்படி. முழுக் கோவையையும் கேட்டால் முடியாது என்பார்கள், மூன்று என்றால் முடியும். கணக்காய்வாளர் நாயகத்தின் கடைசி அறிக்கையையும் அதோடு கேளுங்கள். வெற்றிடமாக இருக்கும் பதவிகள் பற்றி அதில் இருக்கக்கூடும். அந்தப் பீடத்துக்கு ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டுச் சபை மீளாய்வு செய்திருந்தால் அந்த அறிக்கையையும் வாசியுங்கள். வெளியாட்கள் வந்து பார்த்து எழுதியதைக் காட்டிப் பேசினால் யாருக்கும் மனம் நோகாது.

உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரவு இரவாகக் கோவை பார்த்து இரத்த அழுத்தம் கூடுகிறதென்றால், உடம்புதான் முதல். அப்படியென்றால் விலகுங்கள், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பேராசிரியரின் ஒரு வசனத்துக்காக விலக வேண்டாம். உங்கள் பதவிக்காலம் மூன்று வருடம், ஒன்றுதானே போயிருக்கிறது. உங்கள் கேள்வியால் ஒரு பதவிக்கான கடிதம் திறைசேரிக்குப் போனால், அட்டனிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வரும் ஒரு பிள்ளை தன் வினாத்தாளைத் தன் மொழியில் விளங்கி எழுதும்.

நேரமும் இன்னும் இருக்கிறது. பேரவை அங்கீகரித்துவிட்டாலும் புதிய பட்டப்படிப்பு வாட் பிளேசிலுள்ள ஆணைக்குழுவுக்குப் போய் அதன் அனுமதி பெற வேண்டும். எத்தனை பிள்ளைகளை எடுப்பது என்பதைத் தீர்மானிப்பதும் ஆணைக்குழுதான். அந்தக் கோவை கட்டடத்தை விட்டு வெளியேற முன் உங்கள் கேள்வி அதற்குள் ஏற வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் வரும் கூட்டறிக்கையில் அந்த விடயத்தைத் தேடுங்கள். நீங்கள் கேட்டது பதிவாகியிருக்கிறதா, அல்லது 'சபை அங்கீகரித்தது' என்று மட்டும் இருக்கிறதா? இல்லையென்றால், கூட்டறிக்கையை உறுதிப்படுத்தும் நேரத்தில் கையை உயர்த்தி, "தமிழ் மொழிமூலத்துக்கு வளங்கள் எப்போது கிடைக்கும் என்று நான் கேட்டது இதில் சேர்க்கப்பட வேண்டும்" என்று சொல்லுங்கள். திருத்தம் கேட்பது எந்த உறுப்பினருக்கும் உள்ள உரிமை, அதற்கு மூதவையின் அபிப்பிராயம் தேவையில்லை. சேர்த்தபின், கூட்டறிக்கையிலிருந்து எழும் விடயங்கள் என்ற இடம் வரும். அங்கே பதவிக் கடிதத்தின் திகதியைக் கேளுங்கள்.