மருத்துவர் பதில்: காலில் முட்களுள்ள சிலந்தியால் ஆபத்து உண்டா?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே தோட்டத்து வீட்டில் வசிக்கிறோம். வேலியோரச் செம்பருத்தியில், கால் முழுதும் முட்களுள்ள பழுப்புச் சிலந்தி ஒன்று பகலில் தாவித் திரிகிறது. அந்தச் செடியைக் கவாத்து செய்த மறுநாள் என் கணவரின் கழுத்தில் கோடு இழுத்தாற்போல எரிச்சலும் கொப்புளமும் கண்டன. சிலந்திக் கடியா?

பதில்: நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் லின்க்ஸ் சிலந்தியாகவே இருக்கும். கால்களில் நிமிர்ந்து நிற்கும் நீண்ட முட்களும், பின்புறம் கூம்பிய வயிறும், எட்டுக் கண்களில் ஆறு அறுகோணமாக அமைந்திருப்பதும் இவ்வினத்தின் அடையாளங்கள். இது இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. இலைமேல் பதுங்கியிருந்து பாய்ந்து பூச்சிகளைப் பிடிக்கும். முட்டைப் பையை இலையோடு பிணைத்துவிட்டுத் தாய்ச் சிலந்தி அருகிலேயே காவல் இருக்கும். கை பட்டு நசுங்கினாலன்றி மனிதரைக் கடிப்பது அரிது. கடித்தாலும் வலியும் வீக்கமும் அவ்விடத்தோடு நின்று தணிந்துவிடும். பயிர்ப் பூச்சிகளையும் தின்னும் இச்சிலந்தியை மருந்தடித்துக் கொல்ல நான் சொல்லமாட்டேன்.

உங்கள் கணவருக்கு வந்தது வேறொன்றாக இருக்கலாம். மலாய்க்காரர்கள் செமுட் காயாப் என்று சொல்லும் சிறு வண்டு, இரவில் விளக்கொளியை நாடி வீட்டுக்குள் வரும். அது கடிப்பதில்லை, தோலில் ஊரும்போது நாம் அறியாமல் நசுக்கித் தேய்த்துவிட்டால், அதன் உடல்நீரிலுள்ள பெடரின் என்னும் நச்சு ஓரிரு நாளில் கோடுகோடாகக் கொப்புளத்தை எழுப்பும். அவ்விடத்தைச் சோப்பு நீரால் கழுவிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். தொட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. உடுத்திய சட்டையையும் தலையணை உறையையும் துவைத்துவிடுங்கள். கொப்புளம் ஒரு பக்கமாக மட்டும் கொத்துக்கொத்தாகப் பரவினால் அக்கியாகவும் இருக்கலாம் என்பதால், மருத்துவர் நேரில் பார்ப்பது நல்லது.

தோட்டத்தில் நடமாடுவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். வலியற்ற கரும்பொருக்கு ஒன்று தோன்றி, அதனுடன் கடுங்காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்தால், அது லாலான் புல்லிலும் புதரிலும் உள்ள உண்ணிப்பூச்சிக் குஞ்சுகள் பரப்பும் புதர்க் காய்ச்சலாக இருக்கக்கூடும். சிலந்திக் கடி என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டிருந்தால் நோய் முற்றும். டாக்ஸிசைக்ளின் மருந்தைத் தாமதமின்றித் தொடங்கினால் பெரும்பாலும் விரைவில் குணமாகும். ஆகவே காய்ச்சலோடு கிளினிக்குக்குச் செல்பவர்கள், தோட்ட வேலை செய்வதை மருத்துவரிடம் கூறி, அக்குளிலும் இடுப்பிலும் அத்தகைய பொருக்கு உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.