பென்சில் சீவிக்கொண்டிருந்தவன்

அன்புள்ள சார்,

சில வருடங்களாக உங்களைப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. என் மகனுக்கு 12 வயது. போன வருடம் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன், இப்போது ஆளே மாறிவிட்டான். தொட்டதற்கெல்லாம் கத்துகிறான். தங்கையைக் கை நீட்டி அடிக்கிறான். பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் டாய்லெட்டுக்கு ஓடுகிறான், அப்புறம் போய்ப் படுத்துக்கொள்கிறான். திங்கட்கிழமையானால் வயிற்று வலி. டாக்டர் ஒன்றும் இல்லை என்கிறார்.

போன மாதம்தான் விஷயம் தெரிந்தது. வகுப்பில் நான்கைந்து பேர் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் வாயைத் திறந்தாலே அந்தப் பெயரைச் சொல்லி வகுப்பே சிரிக்கிறதாம். விளையாட்டில் சேர்ப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர்களில் ஒருவனை ஜாமெட்ரி பாக்ஸால் அடித்துவிட்டான். இப்போது பள்ளியில் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைதான் முரடன் என்கிறார்கள். அவன் அப்பா, "எல்லாரும் இதைத் தாண்டித்தான் வந்தோம், கண்டுக்காம விட்டா சரியாயிடும்" என்கிறார். என் தம்பி, "நாலு சாத்து சாத்திட்டு வாடா" என்கிறான். என் பிள்ளை கெட்டுப்போகிறானா? இது பிறவிக் குணமா, என் வளர்ப்பில் தப்பா?

ச.

அன்புள்ள ச.,

பட்டப்பெயர், ஜாமெட்ரி பாக்ஸ், பள்ளியின் புகார் எல்லாவற்றையும் விட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. வந்ததும் டாய்லெட்டுக்கு ஓடுகிறான். அப்படியென்றால் காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறான். பள்ளியில் டீச்சர் கண் எட்டாத இடங்கள் சில உண்டு: கழிப்பறை, மாடிப்படித் திருப்பம், பஸ்ஸின் கடைசி சீட். எங்கே எப்போது போகக் கூடாது என்று இந்தப் பிள்ளைகளின் தலைக்குள் ஒரு வரைபடமே இருக்கும். தண்ணீர்கூடக் குறைத்துத்தான் குடிப்பான். பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். திங்கட்கிழமை வயிற்று வலியை நடிப்பு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அவனுக்கு வலிப்பது நிஜம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் நான் யோக்கியன் இல்லை. எட்டாம் வகுப்பில் எங்களோடு ஒருவன் படித்தான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். அதை வைத்தது வேறு ஒருவன். சிரித்தவர்களில் நான் இருந்தேன். இன்டர்வெல் மணி அடித்ததும் வகுப்பே வெளியே ஓடும். அவன் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பென்சில் சீவுவான். நுனி ஏற்கெனவே கூராகத்தான் இருக்கும், இருந்தாலும் சீவுவான். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டுமே. யாராவது எட்டிப் பார்த்தால், சேர்த்துக்கொள்ள ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியக் கூடாது. பென்சில் சீவிக்கொண்டிருக்கிறான் என்று தெரிய வேண்டும். ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும் சுருள்கள் டெஸ்க்குக்கு அடியில் குவிந்து கிடக்கும். அரையாண்டுத் தேர்வுக்குள் அவனுடைய பென்சில்கள் எல்லாம் கட்டைவிரல் நீளத்துக்கு வந்துவிட்டன. பிடிக்க முடியாமல் பிடித்து எழுதுவான். அதற்கும் சிரித்தோம்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. 2019-ல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களிடம் இப்படி ஏதாவது ஒன்றை அனுபவித்திருக்கிறார் என்கிறது. பரவலானது என்பது சரி. அதனால் லேசானது என்று ஆகிவிடாது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஓட்டுவதும், சண்டை போட்டுவிட்டு மறுநாள் தோளில் கை போட்டுக்கொள்வதும் வேறு கணக்கு. ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் வேலை பார்த்த உளவியலாளர் டான் ஓல்வியஸ், நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த வதைக்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் ஒரு பக்கமே இருப்பது. அவர் 1970-களிலேயே எழுதத் தொடங்கிவிட்டார். ஆனால் 1982 கடைசியில் நார்வேயில் மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்டு, சக மாணவர்களின் கொடுமை காரணமாக இருக்கலாம் என்று பேச்சு எழுந்த பிறகுதான், மறு வருடம் அரசாங்கம் நாடு முழுக்க இதற்கென்று ஓர் இயக்கம் தொடங்கியது. மூன்று பிள்ளைகள் போக வேண்டியிருந்தது.

பிறவிக் குணமா, வளர்ப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஓரளவு நேரடியாகவே பதில் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 95-ல் பிறந்த 1,116 ஜோடி இரட்டையர்களைச் சின்ன வயதிலிருந்து தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். அதில் ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலான இரட்டையர்களும் உண்டு. அதே மரபணு, அதே வீடு, அதே அம்மா. அவர்களில் ஒருவர் மட்டும் பள்ளியில் வதைபட்டு மற்றவர் தப்பித்த ஜோடிகளைத் தனியாக எடுத்துப் பார்த்தார் லூயிஸ் ஆர்செனோ என்ற ஆய்வாளர். 2008-ல் வந்த முடிவு இது: வதைபட்ட பிள்ளையிடம்தான் பத்து வயதில் பயமும் சோகமும் ஒடுங்கிப்போவதும் கூடுதலாக இருந்தன. ஆகவே எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏற்கெனவே ஒடுங்கிப்போன பிள்ளையைத்தான் வம்பிழுப்பவர்கள் எளிதாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வதைபட்டால் ஒடுங்குகிறான், ஒடுங்கினால் மேலும் வதைபடுகிறான். எங்காவது அறுக்காவிட்டால் இந்தச் சுற்று தானாக நிற்பது அபூர்வம். அதனால்தான் 'கண்டுக்காம விடு' என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆபீஸில் நாற்பது பேர் தினமும் ஒரு பெயரைச் சொல்லிச் சிரித்தால் உங்கள் வீட்டுக்காரர் எத்தனை நாள் கண்டுகொள்ளாமல் இருப்பார்? அவருக்காவது வேலையை விடும் வசதி இருக்கிறது.

உங்கள் தம்பியின் யோசனை அதைவிட மோசம். அமெரிக்காவில் வடக்குக் கரோலினாவில் 1,420 பிள்ளைகளை இளமைப் பருவம் வரை தொடர்ந்த ஆய்வு ஒன்று 2013-ல் வந்தது. அதில் பெரியவர்களானபோது மனநோய்ச் சிக்கல் மிக அதிகம் இருந்தவர்கள், அடி மட்டும் வாங்கியவர்கள் அல்ல. அடி வாங்கிக்கொண்டே அடிக்கவும் செய்தவர்கள். அந்த ஜாமெட்ரி பாக்ஸ் உங்கள் மகனை அந்தக் கூட்டத்துக்குள் தள்ளுகிற முதல் படி. இவனை எல்லாரும் கைவிடுவார்கள்: வதைப்பவர்களுக்கு இவன் வெடிப்பது வேடிக்கை, பள்ளிக்கு இவன் முரடன், வீட்டில் அடங்காதவன். ஒரு வருடமாக நடந்தது யார் கண்ணிலும் படவில்லை, ஒரு நொடியில் இவன் செய்தது எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. இதையெல்லாம் படித்துப் பயந்துவிடாதீர்கள். இவை பெருங்கூட்டத்தின் கணக்கு, உங்கள் பிள்ளையின் ஜாதகம் அல்ல. அதே சமயம், தங்கையை அடிப்பதைப் 'பாவம், கஷ்டத்தில் இருக்கிறான்' என்று விட்டுவிடவும் கூடாது. கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும் என்று அவனிடம் சொல்லுங்கள். அவளை அடிக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லலாம், 12 வயதுக்குப் புரியும்.

இவ்வளவுக்கும் நடுவில் அவன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். ஏன் நான்? சாண்ட்ரா கிரஹாம், யானா யுவோனன் என்ற இருவர் 1998-ல் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைத்தான் ஆராய்ந்தார்கள். 'அன்றைக்கு அந்தப் பக்கம் போயிருக்கக் கூடாது' என்று நினைக்கிற பிள்ளை ஒரு ரகம். 'என்னிடமே ஏதோ கோளாறு' என்று நினைக்கிற பிள்ளை இன்னொரு ரகம். தனிமையும் பதற்றமும் தன்னைத் தாழ்வாக நினைப்பதும் இந்த இரண்டாவது நினைப்போடுதான் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பின்லாந்தில் இன்னும் விசித்திரமான ஒன்றைப் பார்த்தார்கள். அங்கே கீவா என்ற திட்டத்தால் பல வகுப்புகளில் வதை குறைந்தது. ஆனால் குறைந்த வகுப்புகளில், இன்னும் வதைபட்டுக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பிள்ளைகளின் நிலை, வதை குறையாத வகுப்புகளில் வதைபட்ட பிள்ளைகளின் நிலையைவிட மோசமாக இருந்தது. எல்லாரும் நன்றாக இருக்கும் இடத்தில் தனக்கு மட்டும் நடந்தால், பிள்ளை வேறு எங்கே காரணம் தேடும்?

இப்போது நாம் தரும் அறிவுரைகளைக் கேட்டுப் பாருங்கள். தைரியமாக இரு. நீ ஏன் அப்படிப் பேசுகிறாய். கொஞ்சம் கலந்து பழகு. எல்லாமே அன்பாகச் சொல்வதுதான், ஆனால் எல்லாமே 'கோளாறு உன்னிடம்' என்பதற்கு நாம் போடும் கையெழுத்து.

கோளாறு பெரும்பாலும் பார்வையாளர்களிடம் இருக்கிறது. கனடாவில் ஆய்வாளர்கள் பள்ளி மைதானத்தில் கேமராவும் பிள்ளைகளின் உடம்பில் சின்ன மைக்கும் வைத்துப் பதிவு செய்தார்கள். 2001-ல் வந்த கணக்குப்படி, நூற்றுக்கு 88 சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். குறுக்கே புகுந்து தடுத்தது 19 சம்பவங்களில்தான். ஆனால் அப்படித் தடுத்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே நொடியில் வதை நின்றுவிட்டது. பத்து நொடி! இதைப் படித்த அன்று எனக்குப் பென்சில் சீவல்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஆகவே பள்ளிக்குப் போகும்போது நான்கைந்து பேரின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எந்தத் தேதி, எந்த இடம், என்ன சொன்னார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். 'ரெண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி, கை குலுக்க வைத்துவிட்டோம்' என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். சமபலமுள்ள இருவரின் சண்டைக்குத்தான் சமரசம். இங்கே அது அந்தப் பிள்ளையை எதிரிகள் முன்னால் உட்கார வைத்து, 'நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு' என்பதாக முடியும். இன்டர்வெல்லில் கழிப்பறைப் பக்கம் ஒரு டீச்சர் நிற்க முடியுமா, பஸ்ஸில் அவன் முன் சீட்டில் உட்கார முடியுமா, வகுப்பில் அவன் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று கேளுங்கள். தண்டனையைப் பற்றி அப்புறம் பேசலாம். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள். மறுநாள் அவனுக்கு இன்னொரு பெயர் கிடைத்துவிடும்.

பக்கத்தில் யார் என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நெருங்கிய நண்பன் ஒருவன் இருந்தால் வதைக்கும் மனச்சிக்கலுக்கும் நடுவிலுள்ள அந்தச் சுற்று தளர்ந்துபோகிறது என்று 1999-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பத்து நண்பர்கள் வேண்டாம். வேறு வகுப்பில் இருந்தாலும் பரவாயில்லை, விடுமுறை நாளில் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் தரையில் உருளும் ஒருவன் போதும்.

அவனிடம் பேசும்போது எதிரே உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். வேறு ஏதாவது வேலை செய்துகொண்டே பேசுங்கள். "போட்டுக்கொடுக்கிறவன்" என்ற பெயருக்கு அவன் பட்டப்பெயரைவிட அதிகம் பயப்படுவான், அதனால் அவனுக்குத் தெரியாமல் பள்ளிக்குப் போகவும் வேண்டாம். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்டாலோ, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவன் வாயில் வந்தாலோ, ஒரு நாளும் தள்ளிப்போடாமல் குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். மார்க்கைப் பற்றி எழுத வேண்டாம். பள்ளியிலிருந்து வந்ததும் பையை இறக்கிவைக்க அவனுக்கு நேரம் இருக்கிறதா, அதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.