நியூயார்க் ஹெலிகாப்டர் சுற்றுலா: ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்து ஒரு பதில்

"நியூயார்க்கில் ஹெலிகாப்டர் சுற்றுலாவை ஊர்க்காரர்கள் எதிர்க்கிறார்களாமே, பதினைந்து நிமிஷச் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினைந்து நிமிஷம் என்பது உள்ளே உட்கார்ந்திருப்பவர் கணக்கு. நான் ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில் குடியிருக்கிறேன். எதிர்க்கரையில் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் எங்களுக்கு அந்தச் சத்தம் காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும் நேரம் வரை ஓயாது. தென்காசியிலிருந்து வந்திருந்த அம்மா முதல் நாள் ஜன்னலில் நின்று ஆசையாகக் கையசைத்தார். மூன்றாம் நாள், "ஏய்யா, இவன் இப்பதானே போனான்? மறுபடியும் எதுக்கு வாரான்?" என்று கேட்டார். பகலில் தூங்க வைத்த பேத்தி அதற்குள் இரண்டு முறை எழுந்து அழுதிருந்தாள்.

அவன் மறுபடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2009 ஆகஸ்டில் இதே ஆற்றின் மேல் ஒரு சிறு விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தார்கள். அதன்பின் ஆற்றுக்கு மேலே சாலை மாதிரியே விதி வந்தது: வடக்கே போகிறவர்கள் கிழக்குக் கரையோரமாக, தெற்கே திரும்புகிறவர்கள் மேற்குக் கரையோரமாக. சுதந்திர தேவி சிலையைச் சுற்றிவிட்டு மன்ஹாட்டன் ஓரமாக ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் வரை போகிற வண்டி, திரும்பி வருவது எங்கள் ஜன்னல் வழியாகத்தான். பார்க்கும் காட்சி அந்தப் பக்கம், இரைச்சல் இரண்டு பக்கமும். சரி, உயரமாகப் பறக்கலாமே என்றால், 1,300 அடிக்கு மேல் போனால் பெரிய விமான நிலையங்களின் கட்டுப்பாட்டு வான்வெளி; அனுமதி கேட்க வேண்டும். தாழப் பறந்தால் வேலையும் சுலபம், பயணிகளுக்குப் படமும் நன்றாக வரும்.

ஜெட் விமானச் சத்தம் மேலேயே கடந்து போய்விடும். தலைக்கு மேல் இரண்டே சுழல் இறக்கைகள் உள்ள ஹெலிகாப்டரின் 'தட் தட்' அப்படியல்ல. அடித்தொண்டை ஓசை அது, சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். கண்ணாடியைச் சாத்தினால் கண்ணாடியே அதிரும்.

என்னை உண்மையில் வேதனைப்படுத்துவது 2016-ல் நடந்தது. மன்ஹாட்டன்வாசிகள் பல வருஷம் போராடியதன் பலனாக நியூயார்க் நகரம் சுற்றுலா ஹெலிகாப்டர்காரர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 60,000-ஐ நெருங்கிய பறப்புகள் பாதியாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கிடையவே கிடையாது. நியாயமான வெற்றிதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒப்பந்தம் செல்லுவது நகருக்குச் சொந்தமான இறங்குதளத்துக்கு மட்டும். எங்களுக்கு மேற்கே, நியூ ஜெர்சியிலேயே உள்ள கியர்னி என்ற ஊரில் இருந்து கிளம்புகிறவர்களை அது கட்டுப்படுத்தாது. அங்கிருந்து ஆற்றுக்கு வர எங்கள் கூரைகள்தான் குறுக்கு வழி. ஞாயிற்றுக்கிழமை அமைதி ஒரு கரைக்குக் கிடைத்தது, மறு கரைக்கு இல்லை.

எங்கள் நகராட்சி தடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். முடியாது. அமெரிக்காவில் தரை உள்ளூராருடையது, வானம் ஒன்றிய அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துடையது. மேயர் கூட்டம் போடலாம், கடிதம் எழுதலாம். ஒரு பறப்பைக்கூட நிறுத்த முடியாது. நான் புகார் சொன்ன ஓர் அலுவலகத்தில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "விதிப்படிதான் பறக்கிறார்கள்" என்று பதில் அனுப்பினார்கள். அது பொய்யில்லை. விதியே அப்படி இருக்கிறது.

இது வெறும் சத்தப் பிரச்சினையும் இல்லை. 2018 மார்ச்சில் கியர்னியிலிருந்து கதவைத் திறந்து வைத்துப் படமெடுக்கக் கிளம்பிய ஹெலிகாப்டர், மன்ஹாட்டனுக்கு மறுபக்கம் ஓடும் கிழக்கு ஆற்றில் இறங்கிக் கவிழ்ந்தது. வார்ப்பட்டைகளால் கட்டப்பட்டிருந்த 5 பயணிகளும் மூழ்கி இறந்தார்கள். 2025 ஏப்ரல் 10-ல் பாலம் வரை போய்த் திரும்பிய ஒன்று, எங்கள் கரையோரம் நடுவானில் உடைந்து விழுந்தது. ஸ்பெயினிலிருந்து வந்த தாய், தந்தை, மூன்று குழந்தைகள், விமானி என ஆறு பேரும் போய்விட்டார்கள். அந்தக் கரையில்தான் நாங்கள் பிள்ளைகளை விளையாட விடுகிறோம். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் என்கிற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதே மாதம் நியூயார்க் நகர மன்றம், சத்த அளவுக்குள் வராத அவசியமற்ற ஹெலிகாப்டர்களுக்கு 2029 டிசம்பரிலிருந்து நகரத் தளங்களில் இடமில்லை என்று சட்டம் இயற்றியது. அதுவும் நகரத் தளங்களுக்கு மட்டுமே. பழைய கதை திரும்புமோ என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் பயம்.

விமானிகளும் மெக்கானிக்குகளும் இதில் பிழைக்கிறார்கள், தெரியும். போலீஸ், ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களை இங்கே யாரும் எதிர்க்கவும் இல்லை. உல்லாசப் பறப்பை மட்டும் தனியாகப் பிரித்து, இரண்டு மாநிலத்துக்கும் ஒரே விதியாக வாஷிங்டன் போட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

இங்கேயே இருக்கிற தமிழர் யாராவது இதைப் படித்தால்: விமானங்களைக் காட்டும் செயலியில் ஹெலிகாப்டரைத் தொட்டால் 'N' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உயரமும் வரும். நேரத்தோடு சேர்த்துக் குறித்து, காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். நான் சனிக்கிழமைதோறும் அனுப்புகிறேன்.