மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான தொண்டு நிறுவனங்கள் எப்படி வளர்ந்தன? எங்கள் ஊரில் ஒன்று தொடங்க நினைக்கிறோம்

என் தம்பிக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி), அதாவது மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவுகள் கட்டுப்பாட்டில் இல்லாத நிலை. வீட்டில் சி.பி. என்றுதான் சொல்வோம். சென்னைக்காரி என்பதால், எனக்குத் தெரிந்த வித்யா சாகர் என்ற தொண்டு நிறுவனத்தை வைத்தே சொல்கிறேன்.

கோட்டூர்புரத்தில் இருக்கும் இந்த அமைப்பை 1985இல் ஒரு கார் ஷெட்டில் தொடங்கியவர் பூனம் நடராஜன். அவருடைய மகனுக்கும் இதே பாதிப்பு. அன்று அதன் பெயர் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா, சென்னை. பிற்பாடு பெயரை வித்யா சாகர் என்று மாற்றினார்கள். 'ஸ்பாஸ்டிக்' என்பது தசை இறுக்கத்தைச் சொல்லும் மருத்துவச் சொல்தான். ஆனால் அதையே ஒரு பிள்ளையின் அடையாளமாக்கினால், அதற்கு அப்பால் யாரும் பார்ப்பதில்லை. தம்பியைச் சேர்க்கப் போன ஒரு பள்ளியில், பார்த்த மாத்திரத்தில் "இவனுக்கு ஒன்றும் புரியாதே" என்றார்கள். அவனுக்கு எல்லாமே புரிந்தது. நாக்கும் தாடையும் ஒத்துழைக்காததால்தான் பேச்சு வரவில்லை.

இப்படிப்பட்ட அமைப்புகள் பிள்ளைகளின் வயதோடு சேர்ந்து வளர்கின்றன என்பதுதான் நான் புரிந்துகொண்டது. சின்ன வயதில் பிஸியோதெரபி போதும் என்று தோன்றும். அப்புறம் படிப்பு வேண்டும். படிப்புக்குப் பேச்சு வேண்டும், அல்லது பேச்சுக்கு மாற்று வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு படப் பலகை. சோறு, தண்ணீர், வலி, வேண்டும், வேண்டாம் என்று கட்டம் கட்டமாகப் படங்கள். தம்பி முதன்முதலில் தொட்ட படம் 'வேண்டாம்'. அம்மா கையில் பால் டம்ளர் இருந்தது. எட்டு வருஷமாகத் தினமும் கொடுத்த பால்! அம்மா அன்றைக்கு அழுதுகொண்டே சிரித்தார். இப்போது டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் குரல் வரும் ஆவாஸ் என்ற செயலி இருக்கிறது. சென்னையில் உருவானது, அதை உருவாக்கியவர்களோடு வித்யா சாகரும் சேர்ந்து உழைத்தது.

பிள்ளைகள் பெரியவர்களானதும் வேலை, உரிமை, சட்டம் என்று கேள்விகள் மாறின. வித்யா சாகரில் சட்ட உதவிப் பிரிவும் வந்தது. பூனம் நடராஜனே பிறகு, சி.பி. போன்ற குறைபாடு உள்ளவர்களுக்காக 1999ஆம் வருஷச் சட்டத்தின்படி அமைந்த மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளைக்கு (நேஷனல் டிரஸ்ட்) தலைவரானார். 18 வயது தாண்டியவர்களுக்குப் பாதுகாவலர் நியமிப்பதும், ஒரு லட்சம் ரூபாய் வரைக்குமான நிராமயா மருத்துவக் காப்பீடும் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான். உங்கள் மையத்துக்கு வரும் குடும்பங்களுக்கு இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். பலருக்குத் தெரியாது.

இன்னொன்று. கட்டடம் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளைகள் எப்படி வந்து சேருவார்கள் என்று அம்மாக்களிடம் கேளுங்கள். எங்கள் அம்மா தம்பியைப் பத்து வயது வரை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார். அவனுக்குப் பாதி நாள் தெரபி விட்டுப்போனதற்கு அந்தப் பஸ் படிகள்தான் காரணம்.