கழுத்துப் பிடியில் மயங்கிவிட்டேன், பக்கவாதம் வருமா?

'டாக்டர், எனக்கு வயது 41. மகனைச் சேர்த்துவிடப் போன இடத்தில் நானும் பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற மல்லுக்கட்டுக் கலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. வாரம் இரண்டு வகுப்பு. எடை இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது. முழங்கால் சொடக்குப் போடுகிறது. கையெல்லாம் கன்றிய தடம். இடுப்பில் வட்டமாகப் படை, ஊரிலிருந்து வந்த களிம்பு போட்டும் போகவில்லை. ரோல் (பயிற்சி மல்லுக்கட்டு) செய்யும்போது கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 172 என்று காட்டுகிறது. போன மாதம் ஒரு கழுத்துப் பிடியில், 'விட்டுவிடு' என்று எதிராளியைத் தட்டத் தாமதித்து, சில விநாடி நினைவிழந்தேன். இப்படி நடந்தால் பக்கவாதம் வரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து மாமனாரின் ஆஸ்பிரினில் தினம் ஒன்று போட்டுக்கொள்கிறேன். கழுத்து இறுக்கத்துக்குத் தேக்கா பக்கம் ஒரு சலூனில் நெட்டி எடுப்பேன். மனைவி விட்டுவிடச் சொல்கிறாள். தொடரலாமா?' — வாசகர், பொங்கோல், சிங்கப்பூர்

தொடருங்கள். நிறுத்த வேண்டியவை இரண்டு: மாமனாரின் ஆஸ்பிரின், சலூன்காரரிடம் கழுத்தைக் கொடுப்பது.

அந்தப் பிடியில் அழுத்தப்படுவது பெரும்பாலும் மூச்சுக்குழாய் இல்லை, கழுத்தின் இருபக்கமும் மூளைக்கு ஏறும் இரத்தக்குழாய்கள். இரண்டும் ஒரே நேரத்தில் அமுங்கினால் பத்து விநாடிக்குள் கண் இருட்டிவிடும். பிடியை விட்டதும் இரத்தம் பாய்ந்து நினைவு திரும்பிவிடும். நீங்களும் சில விநாடியில் தெளிவாக எழுந்துவிட்டீர்கள், ஒரு மாதமும் ஓடிவிட்டது. அந்த ஒரு தடவைக்காக மூளை கெட்டுப்போயிருக்குமோ என்று இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அடுத்த தடவை இரண்டு விநாடி முன்னதாகவே தட்டுங்கள். 41 வயதில் யாரிடம் என்ன நிரூபிக்கப் போகிறீர்கள்? அடுத்த ரோலுக்கு முன் உங்கள் குடும்ப மருத்துவரிடம் மயங்கியதைச் சொல்லி, இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள்.

இணையத்தில் நீங்கள் படித்தது முழுப் பொய்யும் இல்லை. கழுத்து பலமாக முறுக்கப்பட்டால் அந்த இரத்தக்குழாயின் உள்சுவர் லேசாகக் கிழியலாம். கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். இந்த விளையாட்டில் இது அபூர்வம்தான். ஆனாலும் ஐம்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வரும் பக்கவாதத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதால், சிரித்துவிட்டுப் போக என்னால் முடியாது.

நல்லவேளையாக, பலருக்கு வலிதான் முதலில் வரும். வகுப்பு முடிந்த உடனே வர வேண்டும் என்பதில்லை. சில மணி நேரமோ, சில நாளோ கழித்துக்கூட வரலாம். சாதாரணத் தசைவலி என்றால் தலையைத் திருப்பும்போது பிடிக்கும், தோளிலும் இருக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். இது வேறு மாதிரி. கழுத்தின் ஒரே பக்கத்தில், அல்லது காதுக்குப் பின்னால், அல்லது ஒரு கண்ணைச் சுற்றி வலிக்கும். 'இப்படி ஒரு வலி எனக்கு வந்ததே இல்லை டாக்டர்' என்பார்கள். அந்த மாதிரி வலி வந்தால் குளியலறைக் கண்ணாடி முன் நின்று இரண்டு இமைகளையும் பாருங்கள். ஒன்று தொங்குகிறதா? ஒரு கண்மணி மற்றதைவிடச் சிறிதாக இருக்கிறதா? தள்ளாட்டம், வாய்க் குழறல், முகம் கோணுதல், ஒரு கை வலுவிழத்தல், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே 995-இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வலி மட்டும்தான் என்றாலும் அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், 'கழுத்துப் பிடியில் மாட்டினேன்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒற்றைத் தலைவலி என்று நினைத்துவிட வாய்ப்பு இருக்கிறது. கோடாலித் தைலம் தடவிப் படுத்துக்கொண்டு, நாளைக்குப் பலதுறை மருந்தகத்தில் நேரம் கிடைக்குமா என்று பார்க்கிற வலி இல்லை இது. பக்கவாதம் வந்துவிட்டால், உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

இதில் எனக்கு எரிச்சல் ஊட்டுவது அந்தச் சலூன்தான். தலை மசாஜ் முடிந்து, தாடையைப் பிடித்து, சடக்கென்று ஒரு திருப்பு. அதே இரத்தக்குழாய் அதிலும் கிழியலாம். பயிற்சி மெத்தையில் எதிராளி நீங்கள் தட்டினால் விட்டுவிடுவார். சலூன்காரர் திருப்புவதற்குள் தட்ட உங்களுக்கு நேரம் ஏது?

ஆஸ்பிரின் எந்தக் கிழிசலையும் தடுக்காது. வயிற்றில் இரத்தக் கசிவை மட்டும் கொண்டுவரலாம். கையில் இருக்கும் தடங்களுக்கு எதிராளியின் பிடி ஒரு காரணம் என்றால், அவ்வளவு எளிதாகக் கன்றுவதற்கு இந்த மாத்திரையும் காரணமாக இருக்கலாம்.

வலியும் வீக்கமும் இல்லாத முழங்கால் சொடக்கை மறந்துவிடுங்கள். 41 வயதுக்காரர் முழுமூச்சாக மல்லுக்கட்டும்போது 172 சகஜம். நெஞ்சை அடைத்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். படைக்குப் போட்ட ஊர்க் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே சுகமாகப் பரவும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மருந்தாளரிடம் பூஞ்சைக்கு மட்டுமான களிம்பு கேளுங்கள். தடம் மறைந்த பிறகும் ஓரிரு வாரம் தடவுங்கள், ஆறும்வரை மெத்தைப் பக்கம் போகாதீர்கள். ஈரச் சீருடையை மறுநாள்வரை பையிலேயே வைக்கும் பழக்கம் உண்டா? நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சைக்கு அதைவிட விருந்து வேண்டாம்.

அப்புறம், எடை. தராசை விடுங்கள், பெல்ட்டைப் பாருங்கள். முடிச்சுப் போட்டபின் வெள்ளை பெல்ட்டின் இரு முனைகளும் நீங்கள் வகுப்பில் சேர்ந்த நாளைவிட நீளமாகத் தொங்குகின்றனவா? தொங்கினால் இடுப்பு குறைந்திருக்கிறது, இரண்டு கிலோவுக்கு மேல் அது முக்கியம். சுகாதார மேம்பாட்டு வாரியம் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாளாவது தசைக்கு வேலையும் கேட்கிறது. உங்கள் இரண்டு வகுப்புகளும் இரண்டையும் சேர்த்தே பெருமளவு கொடுத்துவிடுகின்றன. சில நிமிடம் முழுவேகம், கொஞ்சம் ஓய்வு, மறுபடி முழுவேகம். விரல் பிடி, இடுப்பு, தொடை எதற்கும் விடுமுறை இல்லை. வேலை செய்யும் தசை இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நீரிழிவு சீனர்களைவிட அதிகமாகப் பிடிக்கும் நம் இந்தியர்களுக்கு இது சின்ன லாபமில்லை. அடிபடாமல் விழவும், கை ஊன்றாமல் தரையிலிருந்து எழவும் பழகுகிறீர்களே, எழுபது வயதில் அதன் அருமை தெரியும். இந்தக் கலையை வளர்த்த ஹீலியோ கிரேசி 2009-இல் இறக்கும்போது 95 வயது. அதற்கு ஜியு-ஜிட்சுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, மனைவியிடம் சொல்ல உங்களுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். வகுப்பு முடிந்ததும் இரண்டு முட்டைப் பரோட்டாவும் தே தாரிக்கும் உண்டா என்பதை நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

மிச்சமிருக்கும் ஆஸ்பிரினை மாமனாரின் டப்பாவிலேயே வைத்துவிட்டு, எத்தனை எடுத்தீர்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். இதயத்துக்காகப் போடுகிறவர் என்றால், மாதக் கடைசியில் மாத்திரை தீர்ந்து அவர் நான்கு நாள் விட்டுவிடக் கூடாது.