பாம் மெழுகில் படிகம் பூக்கவில்லையே, ஏன்?

கேள்வி: வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். இதுவரை வழக்கமான பாரஃபின் மெழுகுதான். முதல் தடவையாக பாம் வேக்ஸ் வாங்கி, 3 அங்குல விட்டம், 5 அங்குல உயரமுள்ள அலுமினிய அச்சில் பில்லர் (தனியாக நிற்கும் தடித்த மெழுகுவர்த்தி) ஊற்றினேன். 75 டிகிரியில் ஊற்றி, ஃபேனுக்குக் கீழே வைத்து ஆறவிட்டேன். இறகு இறகாகப் படிகம் வரும் என்றார்கள். வந்ததோ மாவு பூசினாற்போல வெள்ளை. ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் உருகிய மெழுகெல்லாம் உள்ளே வடிந்து, திரி மட்டும் நின்று எரிந்து அணைந்துவிட்டது. அறுத்துப் பார்த்தால் நடுவில் பெரிய பொந்து. எங்கே தவறு? இதைப் "பனை மெழுகு" என்று லேபிள் ஒட்டி விற்கலாமா?

பதில்: உங்கள் மெழுகிலும் குறையில்லை, அச்சிலும் குறையில்லை. பாரஃபினுக்குப் பழகிய கை பாம் மெழுகையும் அதே மாதிரி நடத்திவிட்டது, அவ்வளவுதான். இந்த மெழுகுக்கு இரண்டு விஷயம் வேண்டும்: ஊற்றும்போது நல்ல சூடு, ஆறும்போது நிறைய நேரம். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுக்கும் மருந்து இதற்குள்ளேயே இருக்கிறது.

பாமாயிலிலிருந்து செய்யும் இந்தப் பாம் மெழுகு ஏறக்குறைய 60 டிகிரியில் உருகும். 75-இல் பார்த்தால் தண்ணீர் மாதிரி தெளிந்துதான் இருக்கும், ஊற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்தச் சூட்டில் ஊற்றினால், அச்சின் சுவரைத் தொட்டதுமே மெழுகு உறைந்துவிடும். படிகம் வளர அவகாசமே இல்லை. நீங்கள் பார்த்த மாவு வெள்ளை, வளர நேரம் கிடைக்காத பொடிப் படிகம்தான். 93 முதல் 98 டிகிரிக்குள் ஊற்றுங்கள். கொதிதண்ணீரில் பாத்திரம் வைத்து உருக்கினால் கடைசிப் பத்து டிகிரி ஏறுவதற்குள் பொறுமை போய்விடும். மூடி போட்டு வையுங்கள், ஏறும். மூடியில் கோத்த நீர் மெழுகில் சொட்டாதபடி பார்த்துத் திறக்க வேண்டும். நேரடி நெருப்பில் வைக்காதீர்கள், பக்கத்தை விட்டு நகராதீர்கள். தப்பித்தவறி மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூட வேண்டும்.

அச்சும் சூடாக இருக்க வேண்டும். கை பட்டால் சட்டென்று எடுத்துக்கொள்ளத் தோன்றும் சூடு, சுமார் 55 டிகிரி. ஓவன் இருந்தால் அதில் வைக்கலாம், இல்லையென்றால் ஹேர் டிரையர் போதும். அலுமினிய அச்சு வைத்திருப்பது நல்லது. பிளாஸ்டிக் அச்சுகளில் பல இந்தச் சூட்டைத் தாங்காது. இத்தனை சூட்டில் மெழுகு மிக நீர்த்து இருக்கும் என்பதால், அடியில் திரி நுழையும் துளையைக் களிமண் போல ஒட்டும் புட்டி (putty) வைத்து நன்றாக அடைத்துவிடுங்கள். மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஒழுகும்.

ஊற்றியதும் அச்சைத் தடித்த துண்டால் சுற்றி, மீன் வரும் தெர்மகோல் பெட்டி போல ஒன்றுக்குள் இறக்கி வையுங்கள். ஃபேன் வேண்டாம், ஏசி அறை வேண்டவே வேண்டாம். குளிர்நாட்டில் இதைச் செய்கிறவர்கள் அறையின் குளிரோடு போராட வேண்டும். நம் ஊர் மே மாதப் பகலில் பாதி வேலையை வெயிலே செய்து கொடுக்கும். அந்த அனுகூலத்தை ஃபேன் போட்டுக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மெழுகுவர்த்தியின் மேற்பக்கம் வெடிப்பதற்கும் அந்தக் காற்றுதான் முக்கியக் காரணம்.

இனி பொந்து. மெழுகு ஆறும்போது சுருங்கும். பாரஃபினில் அந்தச் சுருக்கம் பெரும்பாலும் திரியைச் சுற்றி மேலேயே குழியாகத் தெரிந்துவிடும். பாம் மெழுகு அதை மூடி மறைத்துவிடும். மேலே சமமாக, அழகாக இருக்கும், உள்ளே குகை. தொடக்கத்தில் ஒரு கல்யாண ஆர்டருக்கு நாற்பது வர்த்தி ஊற்றி, எல்லாம் பளிச்சென்று இருக்கிறதே என்று அப்படியே அனுப்பினேன். மேசையில் ஒவ்வொன்றாக அணைந்தது. அன்றிலிருந்து, ஆறும்போது ஊசியால் குத்தி உள்ளே இருக்கும் பொந்தைத் திறந்துவிடாமல் ஒரு வர்த்தியும் என் வீட்டை விட்டு வெளியே போனதில்லை.

குத்துவது இப்படி: மேலே பாலாடை போல ஏடு கட்டி, அது அரை சென்டிமீட்டர் தடித்ததும், ஒரு ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் திரியைச் சுற்றி நாலைந்து இடத்தில் ஆழமாகக் குத்துங்கள். முக்கால்வாசி உயரத்துக்கு ஊசி இறங்க வேண்டும். சுவர்ப்பக்கம் போகக் கூடாது. ஊசியை எடுக்கும்போது சில சமயம் 'களுக்' என்று காற்று வெளியேறுவது கேட்கும். துளை மறுபடி மூடிக்கொள்ளும். அரை மணிக்கொரு தரம், இரண்டு மூன்று தடவை குத்துங்கள். பிறகு மீதி மெழுகை அதே 95 டிகிரிக்குச் சூடாக்கி நிரப்புங்கள். முதலில் ஊற்றிய மட்டத்துக்கு மேலே போகவே கூடாது. போனால் மெழுகு அச்சுக்கும் வர்த்திக்கும் நடுவே இறங்கி, பூத்த படிகத்தையும் மறைக்கும், வர்த்தியையும் அச்சிலிருந்து வரவிடாது.

உங்கள் அச்சுக்குச் சுமார் 500 கிராம் மெழுகு பிடிக்கும். நிரப்புவதற்கு 100 கிராம் சேர்த்தே உருக்குங்கள். வாசனை எண்ணெய் 5 சதவீதம் போதும், அதாவது 600 கிராமுக்கு 30 கிராம். நிறத்துக்கு மெழுகில் கரையும் சாயம் மட்டும். தூள் நிறமி திரியை அடைத்துவிடும். காலையில் ஊற்றினால் மறுநாள் எடுங்கள். அச்சு முழுக்க ஆறிவிட்டால் தலைகீழாகக் கவிழ்த்ததும் தானே நழுவி வரும்.

திரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும். இந்த மெழுகு கடினமானது. பாரஃபினுக்குப் போட்ட திரியைவிட ஒரு அளவு தடித்தது பெரும்பாலும் தேவைப்படும். பின்னிய பருத்தித் திரிதான் வேண்டும். அகல்விளக்கின் பஞ்சுத்திரி இதற்கு ஆகாது. பின்னிய திரி எரிய எரிய நுனி வளைந்து தானே கருகி உதிரும், முறுக்கிய பஞ்சு அப்படிச் செய்யாது. மூன்று அளவில் மூன்று வர்த்தி செய்து, தட்டில் வைத்து மூன்று மணி நேரம் எரியவிடுங்கள். உருகிய குளம் சுவரை நெருங்கி, ஓரத்தில் அரை சென்டிமீட்டர் போல மிச்சம் விட்டால் அதுவே சரியான திரி. சுவரை உடைத்து மெழுகு வெளியே ஓடினால் திரி தடிமன் அதிகம்.

லேபிள் விஷயத்தில் உறுதியாகச் சொல்கிறேன்: "பனை மெழுகு" என்று போடாதீர்கள், பனைமரப் படமும் வேண்டாம். இது நுங்கும் பதநீரும் தரும் நம் பனையிலிருந்து வருவதில்லை. எண்ணெய்ப்பனை என்பது வேறு மரம். ரேஷன் கடையில் வாங்கும் பாமாயில் அதன் பழத்து எண்ணெய், அந்த எண்ணெயைக் கெட்டியாக்கித்தான் இந்த மெழுகைச் செய்கிறார்கள். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அந்தப் பெயரைப் பார்த்து நம்பி வாங்குகிறவர்களை ஏமாற்றக் கூடாது. "பாமாயில் மெழுகு" என்று போடுங்கள், உண்மையாகவும் இருக்கும், எல்லோருக்கும் புரியும். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காகப் பெருங்காடுகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. எனவே பாமாயில் பொறுப்பான முறையில் உற்பத்தியானதா என்று பார்த்துச் சான்று தரும், 2004-இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ (RSPO) அமைப்பின் சான்று பெற்ற மெழுகா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். சான்று இல்லாமல் 'இயற்கைக்கு உகந்தது' என்று எழுத வேண்டாம்.

பொந்து விழுந்த வர்த்திகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திரியை உருவிவிட்டு மறுபடி உருக்குங்கள். வாசனை கொஞ்சம் குறைந்திருக்கும், படிகம் புதிதாகவே பூக்கும். முதலில் ஒன்றை மட்டும் ஊற்றி, மறுநாள் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே பொந்தில்லாமல் இருந்தால் மற்றவற்றை ஊற்றலாம்.